வெள்ளம், நிலநடுக்கம், ஆழிப்பேரலை: பூமியின் பங்கு எது, நம் பங்கு எது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் உங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கிறது. பூமித்தாய் பொறுத்தது போதும் என்று தண்டிக்கத் தொடங்கிவிட்டாள் என்கிறார் உங்கள் அம்மா. மழையும் புயலும் எக்காலத்திலும் உள்ளவைதான், இதில் மனிதனுக்குப் பங்கே இல்லை என்கிறார் உங்கள் அலுவலக நண்பர். யார் சொல்வது சரி, பேரிடர்கள் உண்மையிலேயே கூடுகின்றனவா, அந்த வீட்டிலேயே இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்ததற்கு யார் பொறுப்பு, மறுபடியும் நடக்குமா என்பதே இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் நிலவியல் படித்தவன். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கட்டடங்களுக்கு அடித்தள மண் ஆய்வு செய்வது பல ஆண்டுகளாக என் தொழில். மண், பாறை, நிலத்தடி நீர் பற்றி நான் சொல்பவை கையால் தொட்டு அறிந்தவை. புயல், பருவமழை, காலநிலை பற்றி நான் சொல்பவை அத்துறையினர் எழுதியதைப் படித்துத் தெரிந்துகொண்டவை. அந்த அளவுக்கே அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

பூமி தண்டிக்கிறது என்ற பேச்சு நம் காலத்தில் தோன்றியதன்று. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரும் நிலநடுக்கம் சிதைத்தபோது, தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள் திருநெல்வேலிக் கூட்டத்தில், தீண்டாமை என்னும் பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்று பேசினார். தீண்டாமையை அதே அளவுக்கு வெறுத்த தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கை நிகழ்வுக்கான காரணம் இயற்கைக்குள்ளேயே இருக்கிறது, அதனோடு அறநெறியை முடிச்சுப் போடலாகாது என்று அவர் மறுத்து எழுத, காந்தியடிகள் அந்த மறுப்பைத் தம்முடைய ஹரிஜன் இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். இந்த வாதத்தில் என் படிப்பு என்னைத் தாகூர் பக்கம்தான் நிறுத்துகிறது. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வீதம் வடக்கே நகர்ந்து ஆசியத் தட்டை நெருக்கிக்கொண்டிருக்கிறது. இமயத்தின் அடியில் அப்படிச் சேரும் இறுக்கம் பாறையின் தாங்கும் எல்லையைக் கடக்கும் நாளில் பாறை முறிகிறது. மேலே குடியிருப்பவர் செய்த பாவ புண்ணியத்துக்கும் அந்த முறிவுக்கும் தொடர்பே இல்லை. தண்டனை என்ற பேச்சில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று: வீட்டையும் உறவையும் இழந்து நிற்பவரையே அது குற்றவாளி ஆக்கிவிடுகிறது. உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததற்கு உங்கள் அம்மா என்ன பாவம் செய்தார்?

ஆனால் நிலநடுக்கத்திலிருந்தே உங்கள் நண்பரின் கருத்துக்கும் மறுப்புச் சொல்ல முடியும். 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் 7.0 அளவுள்ள நிலநடுக்கத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த மாதமே சிலி நாட்டில் 8.8 அளவில் ஒன்று ஏற்பட்டது. வெளிப்பட்ட ஆற்றலைக் கணக்கிட்டால் அது ஹெய்ட்டியில் நேர்ந்ததைப்போல் சுமார் ஐந்நூறு மடங்கு. அங்கே இறந்தவர்கள் ஏறக்குறைய ஐந்நூறு பேர். நிலநடுக்கத்தின் மையம் ஊருக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதும் இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம்தான். பெரிய காரணம், சிலியில் கட்டட விதிகள் இருந்தன, அவை நடைமுறையிலும் இருந்தன என்பதே. ஒடிசாவில் 1999இல் வந்த பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் அதே கரையைத் தாக்கிய பைலின் புயலுக்கு முன்பு ஏறத்தாழ 10 லட்சம் பேரை மேட்டுக்கும் புயல் காப்பகங்களுக்கும் கொண்டுபோனார்கள். இறப்பு ஐம்பதுக்குள் நின்றது. காற்றின் வேகத்தை யாரும் குறைத்துவிடவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் காப்பகங்கள் கட்டப்பட்டன, முன்னறிவிப்பு மேம்பட்டது, கதவைத் தட்டி அழைத்துப்போக ஆட்கள் இருந்தார்கள்.

நம் கரையிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை 6.28 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குத் தட்டு பிளந்து, கடல்தரை மேலே எழும்பி, தனக்கு மேலிருந்த நீரைத் தள்ளியது. அந்த அலை சென்னைக் கரைக்கு வந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த நேரமெல்லாம் மெரினாவில் மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், சீனிவாசபுரத்தில் வலை உலர்ந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பசிபிக் கரை நாடுகளுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அப்படி ஒன்று இல்லை. ஐதராபாத்தில் நமக்கான மையம் 2007இல் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் மீண்டும் நிலம் அதிர்ந்தபோது சென்னையிலும் அது உணரப்பட்டது. எச்சரிக்கை வந்தது, கரையோரத்திலிருந்து மக்கள் விலகினார்கள். அந்த முறை தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தனவே தவிரக் கடல்தரை பெரிதாக உயரவில்லை. ஆகையால் பேரலை எழவில்லை. அதை வீண் அலைச்சல் என்று குறைபட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். எட்டு ஆண்டுகளுக்கு முன் இல்லாத இரண்டரை மணி நேரம் அன்றைக்கு அவர்கள் கையில் இருந்தது.

நிலநடுக்கத்திலேயே மனிதன் காரணமாகும் விதிவிலக்குகளும் உண்டு. மகாராட்டிரத்தில் கொய்னா அணையில் நீர் தேக்கிய சில ஆண்டுகளில், 1967 டிசம்பரில், 6.3 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டுச் சுமார் 180 பேர் இறந்தனர். தேக்கிய நீரே அதைத் தூண்டியது என்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். இத்தகையவை மிகச் சில.

வெள்ளத்துக்கு வரும்போது கணக்கு மாறிவிடுகிறது. உங்கள் வட்டாரத்து மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். மண்ணின் உறுதியை அறிய நாங்கள் துளையிட்டு, 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, கம்பி 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். கெட்டி மணலில் முப்பது, நாற்பது அடிகள் விழும். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரங்களில் இரண்டு மூன்று முறை அடித்ததுமே கம்பி உள்ளே போய்விடும். சில இடங்களில் சுத்தியலை வைத்த பாரத்துக்கே இறங்கும். மேலே வரும் மண் சாம்பல் கலந்த கறுப்பாக, விரலில் வழவழவென்று ஒட்டும் களியாக இருக்கும். மட்கிய கோரை வேரும் சிறு சிப்பி ஓடுகளும் அதில் கிடக்கும். சேற்று வாடை வீசும். அதற்கு மேலே நான்கைந்து அடி உயரத்துக்குச் செந்நிறக் கிராவல் கொட்டியிருப்பார்கள். கிராவல் மனை விற்பதற்காக வந்தது. கறுப்புக் களி அந்த நிலத்தினுடையது. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீர் வந்து நின்றிருக்கிறது என்பதற்கு அந்தக் களிமண்ணைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றால், தென்சென்னையின் ஏரிகளிலிருந்து. ஒவ்வோர் ஏரியும் நிறைந்தபின் கலங்கல் என்னும் வழிந்தோடி வழியாக உபரிநீர் அடுத்த ஏரிக்கு இறங்கி, சங்கிலிபோல் தொடர்ந்து, கடைசியில் பள்ளிக்கரணைக் கழுவெளி என்னும் சதுப்புநிலத்தில் பரவி நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேரும். ஒரு காலத்தில் 5,000 எக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கழுவெளியில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு பகுதி. 2022இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற பரப்பு ஏறத்தாழ 1,248 எக்டேர். மற்ற இடத்தில் குப்பைக் கிடங்கு, சாலை, அலுவலக வளாகம், அடுக்குமாடிக் குடியிருப்பு எல்லாம் வந்துவிட்டன. சென்னை தட்டையான ஊர். நகரின் பெரும்பகுதி கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் உயரத்திலேயே இருக்கிறது. மிக்ஜாம் கரைக்கு அருகில் நெடுநேரம் மெல்ல நகர்ந்து மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. புயல் கடலை உயர்த்தியிருந்ததால் முகத்துவாரங்களிலும் நீர் வடியத் தாமதமாயிற்று. மழையும் கடலின் ஏற்றமும் இயற்கை. தண்ணீர் ஒதுங்கி நிற்க இடம் இல்லாமல் போனது நம் செயல். ஒவ்வொரு வளாகமும் தன் மனையைக் கிராவலால் உயர்த்தும்போது, தான் தப்பித்த நீரைப் பக்கத்து மனைக்குத் தள்ளிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையே 2015இல் பார்த்தோம். டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கத்திலும் ஏறத்தாழ அதே அளவு. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றே கூறியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு மதகின்மேல் மட்டும் முழுப் பழியையும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அடையாறு ஆதனூர், மணிமங்கலம் பக்கமிருந்து வருகிறது. அந்தப் படுகையில் அடைக்கவும் திறக்கவும் கதவே இல்லாத, கலங்கல் மட்டுமே உள்ள ஏரிகள் ஏராளம். தாம்பரத்தில் பெய்த மழை அவற்றின் வழியாக யார் உத்தரவுக்கும் காத்திராமல் ஆற்றுக்கு வந்திருக்கும். எந்தப் பங்கு எவ்வளவு என்பதில் நீரியல் வல்லுநர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆற்றின் வெள்ளச் சமவெளியில் வீடுகள் நெருங்கியிருந்தன என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது. காற்று ஒரு பாகை செல்சியசு வெப்பம் கூடினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியை ஏந்தும். இது இயற்பியல், இதில் ஐயமில்லை. தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தோடு ஒப்பிட உலகின் சராசரி வெப்பநிலை ஒரு பாகைக்கும் மேல் உயர்ந்துவிட்டது, அதற்குக் காரணம் நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் என்பதிலும் ஐயமில்லை. கனமழையும் வெப்ப அலைகளும் உலகின் பல பகுதிகளில் கூடியிருப்பது அளந்து அறியப்பட்டது. அரபிக்கடலில் புயல்கள் எண்ணிக்கையிலும் வலுவிலும் கூடியிருப்பதைப் புணே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். இவ்வளவும் உறுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குறிப்பிட்ட ஊரில் பெய்த மழையைக் காட்டி இது புவி வெப்பமடைதலால் வந்தது என்று சொல்வது எளிதன்று. 2015 சென்னை மழையைப் பற்றியே பன்னாட்டு ஆய்வாளர் குழு ஒன்று ஆராய்ந்து, அந்த ஒருநாள் பெருமழையில் புவி வெப்பமடைதலின் தாக்கத்தைக் கண்டறிய இயலவில்லை என்று எழுதியது. காற்றில் கலந்திருக்கும் மாசுத்துகள்கள் அதை இதுவரை மட்டுப்படுத்தியிருக்கலாம் என்பது அவர்கள் கூறிய விளக்கம். துகள்கள் குறையும் காலத்தில் என்ன ஆகும் என்ற கவலை அதற்குள்ளேயே இருக்கிறது. எல்லாவற்றையும் காலநிலை மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட்டு, ஏரியை வளைத்துப் போட்டதைப் பேசாமல் விடுவது நம் ஊரில் பழக்கமாகிவருகிறது. தண்டனை என்ற பேச்சு செய்வதையே இதுவும் செய்கிறது: கட்ட அனுமதித்துக் கையெழுத்துப் போட்டவர்கள் பெயர் வெளியே வருவதில்லை.

பேரிடர்கள் கூடுகின்றனவா என்றீர்கள். பெரிய நிலநடுக்கங்கள் கூடவில்லை. 7 அளவுக்கு மேற்பட்டவை நீண்டகாலச் சராசரியில் ஆண்டுக்குப் பதினைந்து என்ற அளவிலேயே இருக்கின்றன. கருவிகளும் கைப்பேசிகளும் பெருகியதால் செய்திகள் கூடியிருக்கின்றன. கடுமழையும் கடும்வெயிலும் கூடுகின்றன. இறப்புகள், முன்னறிவிப்பின் புண்ணியத்தால், ஒரு நூற்றாண்டுக்கு முன்பிருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருக்கின்றன. பொருள் இழப்பு ஏறிக்கொண்டே போகிறது. தாழ்ந்த இடங்களில் நாம் கட்டியவை அவ்வளவு.

உங்கள் அம்மா சொல்வதில் நான் ஏற்கும் பகுதி ஒன்று உண்டு. பூமிக்குச் சினம் இல்லை, ஆனால் நாம் செய்வதற்கு விளைவு இருக்கிறது. மெரினாவை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்களைக் கடலுக்குள் கட்டுமுன் இவ்வளவு அகலமான மணல்வெளி அங்கே இல்லை. நம் கரையோரமாக ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் மணல் வரத்து இல்லாமல் அரிக்கப்பட்டன. மாலையில் நாம் சுண்டல் வாங்கி உட்காரும் மணல் வடசென்னை மீனவர் இழந்த கரை. கல்லைக் கொட்டி அங்கே அரிப்பைத் தடுத்தால் அது இன்னும் வடக்கே நகர்கிறது. நூறாண்டுக்கு மேலாகியும் அந்தக் கணக்கு தீரவில்லை. இதில் நன்மை பெற்றவர் ஒருவர், விலை கொடுத்தவர் வேறொருவர். பூமி தண்டிக்கிறது என்று சொன்னால் அந்த வேறுபாடு மறைந்துபோகும்.

வறட்சியும் இதே கதைதான். வெள்ளம் வந்து நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 11 டிஎம்சி மட்டுமே. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை பெறும் ஊர் இது. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டிவிடும். அதை ஆண்டு முழுவதற்கும் பிடித்துவைக்கத்தான் இந்த வட்டாரத்தில் ஊருக்கோர் ஏரி வெட்டினார்கள். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆண்டுதோறும் குடவோலையில் ஒரு வாரியம் தேர்ந்தெடுக்கப்பட்டதைச் சொல்கிறது. முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள் என்று புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அக்காலத்திலும் ஏரி உடைந்திருக்கிறது, பஞ்சம் வந்திருக்கிறது. பராமரிப்பு யார் பொறுப்பு என்பது எழுதிவைக்கப்பட்டிருந்தது என்பதே எனக்கு அதில் முக்கியம்.

இனி உங்கள் வீடு. வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு நிலத்தின் வகையையும் குறித்துவைத்திருக்கும் அ-பதிவேட்டையும் பார்த்து, உங்கள் சர்வே எண் எப்படி வகைப்படுத்தப்பட்டிருந்தது, பக்கத்தில் ஓடை, வாய்க்கால் புறம்போக்கு ஏதும் இருந்ததா என்று அறியுங்கள். கூகுள் எர்த்தில் இருபது ஆண்டுகளுக்கு முந்திய படங்கள் கிடைக்கும். மழைக்காலத்துப் படத்தை எடுத்து ஒப்பிடுங்கள். கட்டடம் பைல் அடித்தளத்தில், அதாவது களியைத் தாண்டிக் கெட்டி மண்வரை இறக்கிய தூண்களில், நிற்கிறதா என்று குடியிருப்போர் சங்கத்தில் கேளுங்கள். பைல் இருந்தால் கட்டடம் அமிழ்வதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சுற்றியுள்ள கிராவல் நிரப்பு அமிழும், குழாய் இணைப்புகள் விரிசல் விடும், அது பழுதுபார்க்கக் கூடியது. மின் மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலான உயரத்துக்கு மாற்றுவதை முதல் வேலையாகச் செய்யுங்கள். சம்ப் தொட்டியின் வாயை வெள்ளம் ஏறிய அளவுக்கு மேல் உயர்த்துங்கள். தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் புதுத் தார் போட வந்தால் தெருவாசிகள் சேர்ந்து தடுத்து நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயர்ந்து உங்கள் தரையைப் பள்ளமாக்குகிறது. தனி வீடுகளை ஜாக்கி வைத்து உயர்த்துகிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். அடுக்குமாடியின் தரைத்தளத்துக்கு அது பொருந்தாது.

மறுபடியும் நடக்குமா என்றால், நடக்கும். எந்த ஆண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. கழுவெளியின் ஓரத்தில் தரைத்தளத்தில் வயதானவரோடு குடியிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உடனே விற்க முடியாவிட்டால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையாவது அதே வளாகத்தில் மேல்தளம் ஒன்றுக்கு வாடகைக்கு மாறுங்கள். ஒக்கியம் மடுவைத் தூர்வாரவும் அகலப்படுத்தவும் ஒவ்வோர் ஆண்டும் வேலை அறிவிக்கப்படுகிறது. மழைக்கு முன் அது முடிந்ததா என்று உங்கள் சங்கத்தின் பெயரில் எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். சர்வே எண்ணும் மண் ஆய்வறிக்கையும் கிடைத்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம்; அறிக்கையைப் படித்து அந்த மனையைப் பற்றி மட்டும் தனியாக எழுதுகிறேன்.